அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

எங்கள் பக்கம் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை. கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் நாங்கள். வீட்டில் இரும்பு என்று எது இருந்தாலும் காற்று அதை மென்று தின்றுவிடும். ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, பைக் செயின், எதுவும் தப்பாது. கம்ப்யூட்டர் பெட்டி சூடாக ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே ஈரம் தங்காது. ஒரு ராத்திரி அணைத்து ஆறவிட்டால் போதும், போர்டில் பச்சை பூத்துவிடும். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு மரக்காணம் மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதுதான். அதனால் பெட்டியின் மேல் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி, பின்பக்கம் காற்றுக்கு மட்டும் வழி விட்டு, வருஷக்கணக்கில் ஓடவிடுவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டு ஃபேன் இறக்கை துருப்பிடித்துச் சாப்பாட்டு இலையில் விழுந்திருக்காது.

அப்படி அணையாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்குள்தான் என் அப்பாவின் குரல் இருந்தது.

அப்பா அனுமந்தைக் கரையில் மீன் ஏலம் விட்டவர். மைக் கிடையாது, மேடை கிடையாது. கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் விலை கூவினால் ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் ஆள் தேறுவார் என்றார்கள். அப்போது அத்தை மகன் லீவில் வந்திருந்தான். சரக்குக் கப்பலில் வேலை, கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். அவன் அப்பாவை உள்ளறையில் உட்கார வைத்து, ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, ஜெபப் புத்தகத்தையும் பழைய செய்தித்தாள்களையும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தான். அப்பாவுக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது. மழை நிலவரத்தையும் ஏலம் விட்டார், மங்கள வார்த்தை ஜெபத்தையும் ஏலம் விட்டார்.

அந்தப் பதிவுகளை வைத்து அவன் லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் ஏதோ செய்தான். ஆபரேஷன் முடிந்து அப்பா வீடு வந்ததும், திரையில் வரும் தமிழ் எழுத்துகளை மவுசால் ஒவ்வொன்றாகத் தட்டி, 'பேசு' என்ற பட்டனை அழுத்தினால், அப்பாவின் குரலே பேசியது. அவர் பதிவில் சொல்லாத வார்த்தைகளையும் பேசியது. ஒரே குறை, எதைச் சொன்னாலும் கத்தியது. 'தல வலிக்குது' என்பதைக்கூட வஞ்சிரத்துக்கு விலை கேட்பதுபோல் தெருவுக்கே அறிவித்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அத்தை மகன் கப்பலுக்குப் போய்விட்டான். பெட்டி மூன்று வருஷமாக அணையாமல் ஓடியது.

தங்கைக்குக் கிளியனூரில் மாப்பிள்ளை அமைந்தான். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு வாசலில், பந்தலில். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து, பெண்ணைத் தருகிறீர்களா என்று சபையில் கேட்பார். பெண்ணைப் பெற்றவன் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, எழுதிக் காட்டினாலும் செல்லாது. பெற்றவன் உயிரோடு இல்லையென்றால் மட்டும் அவன் தம்பி எழுந்து சொல்வான்.

என் நிச்சயத்தின்போது அப்பா சொன்னது கடற்கரை வரை கேட்டது என்று இன்றைக்கும் கேலி பேசுவார்கள். தங்கைக்கு யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, சித்தப்பா வெகு இயல்பாக, "அண்ணனுக்கு ஏன் செரமம், நானே சொல்லிடறேன்," என்றார். அப்பா எழுந்து உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி கத்தியது. "அப்பன் செத்த பொண்ணுக்குத்தான் சித்தப்பன் சொல்லுவான். நான் இன்னும் சாவல."

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

நிச்சயத்தன்று காலை நான் பொம்மையார்பாளையத்திலிருந்து வந்து இறங்கினேன். அங்கே புகுந்த வீடு, இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அச்செடுத்துக் கொடுப்பவள் என்பதால், எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தான். இந்தப் பட்டத்தை நான் கேட்டு வாங்கவில்லை. வாசலில் சீரியல் லைட் கட்டுகிற ஆள் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். மெயினில் இணைப்புக் கொடுக்க ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். யாரிடமும் கேட்கவில்லை. இத்தனை நாள் கரண்ட் கட்டையெல்லாம் தாங்கிய இன்வெர்டர் பேட்டரி இப்போது கிழண்டுபோயிருந்தது, அரை மணி தாங்கினால் பெரிய விஷயம். நான் உள்ளறைக்குப் போனபோது புடவைக்குள் எந்த இரைச்சலும் இல்லை.

"ஏம்பா, வயர்ல கைய வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று ஏணிக்காரனைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்து நிமிசத்துல குடுத்துட்றேங்க்கா. இன்னா, ஃப்ரிட்ஜா?" என்றான் அவன்.

கரண்ட் வந்தது. பெட்டியும் கிளம்பியது. போர்டு பிழைத்ததே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். எழுத்துப் பலகை வந்தது, 'பேசு' பட்டன் வந்தது. அப்பா குளித்து முடித்து, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்து, ஒத்திகை பார்ப்பதற்காகச் 'சம்மதம்' என்று தட்டி அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் வரவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

முதலில் ஸ்பீக்கர் என்று நினைத்தேன். வயரை மாற்றினேன், என் போனைச் செருகிப் பாட்டு போட்டேன், ஸ்பீக்கர் நன்றாகவே பாடியது. பிறகு கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, குரல் நிரலை நானே ஓட்டிப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. யார் மறுத்தது? யார் வீட்டில் யாருக்கு அனுமதி மறுப்பது? அந்தக் கோப்புறையில் இருந்த எல்லாக் கோப்புகளுக்கும், எல்லோரும் படிக்கலாம் எழுதலாம் ஓட்டலாம் என்று கதவைத் திறந்து விட்டேன். அப்போதும் அனுமதி மறுக்கப்பட்டது.

இதையெல்லாம் நான் மவுசால் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கீபோர்டு என்று ஒன்று இருந்தது, பேருக்கு. உப்புக் காற்றில் அதன் பாதிப் பட்டன்கள் செத்துப் போயிருந்தன. அப்பா தட்டுவது திரையில் இருக்கும் பலகையில்தான் என்பதால் அதை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக் குத்தி எழுதினேன்.

கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து கடைசியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். ஒரே மாதிரி வரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் 'டினைட்', அதாவது மறுக்கப்பட்டது, என்ற வார்த்தை, கூடவே எஸ்இலினக்ஸ் என்ற பெயர். என் பிழைப்பில் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. போனில் தேடினேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது கிணற்றடியில் மட்டும்தான். அதனால் கிணற்றடிக்கு ஓடிப் படிப்பதும், உள்ளே ஓடி வந்து தட்டுவதுமாக இருந்தேன். பட்டுப்புடவையின் கொசுவம் தடுக்கி ஒரு முறை விழுந்தும் விட்டேன்.

புரிந்தது இவ்வளவுதான். லினக்ஸுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். கோப்பு யாருடையது, கதவு திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. ஒவ்வொரு கோப்பின் மேலும் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கிறது, அவன் பார்ப்பது அதை மட்டும்தான். ஏலக் கரையில் கூடையின் மேல் வியாபாரி செருகிவைக்கும் துணிக்கிழிசலைப் போல. கிழிசல் இல்லாத கூடையைச் சுமைக்காரன் தொட மாட்டான், உள்ளே என்ன மீன் இருந்தால் என்ன. அப்பாவின் குரல் தவறான சீட்டோடு கிடந்தது. அதனால் அவன் தொட விடவில்லை.

அப்படியென்றால் மூன்று வருஷம் எப்படிப் பேசியது? இந்தக் கேள்வி என்னைப் பிய்த்துத் தின்றது. பதில் பல வாரம் கழித்து, கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றபோது அத்தை மகனிடமிருந்து வந்தது. குரலைப் பெட்டியில் ஏற்றிய அன்றைக்கு அவனுக்கும் இதே தகராறுதான் வந்திருக்கிறது. அவசரத்துக்கு ஒரு வரி கட்டளை கொடுத்துக் காவல்காரனைத் தூங்க வைத்திருக்கிறான், பிறகு ஒழுங்காகச் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று. அந்தக் கட்டளை பெட்டியை அணைக்கும்வரை மட்டும்தான் செல்லும். வேறு ஊராக இருந்தால் அன்று ராத்திரியே அணைத்திருப்பார்கள், மறுநாளே தப்பு தெரிந்திருக்கும். எங்கள் ஊரில்தான் அணைப்பதில்லையே. மூன்று வருஷம் தூங்கியவனை லைட் கட்ட வந்தவன் ஃபியூஸைப் பிடுங்கி எழுப்பிவிட்டான். அதே ஒரு வரியை நானும் கொடுத்திருந்தால் அடுத்த நொடியே அப்பா பேசியிருப்பார். அத்தை மகன் இதைச் சொன்னபோது அவன் கப்பலில் இருந்தது அவன் அதிர்ஷ்டம்.

ஆனால் எனக்குக் கிடைத்த முதல் யோசனை வேறு. அமைப்புக் கோப்பைத் திறந்து எஸ்இலினக்ஸை நிரந்தரமாக முடக்கு, பெட்டியை மறுபடி கிளப்பு, அவ்வளவுதான் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். கோப்பைத் திறந்தேன். அதற்குள் வாசலில் வேன் சத்தம். கிளியனூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

தங்கை உள்ளே வந்தாள். தலை நிறையப் பூ. முகத்தில் போட்ட பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாக இருந்தது. "அக்கா, வருமா?" என்றாள்.

"வரும்டி. நீ போ."

"உனக்கு அப்பா சொன்னாரு. எனக்கு மட்டும் அப்பா இல்லாத பொண்ணு மாதிரியா?"

அவள் அழாமல்தான் கேட்டாள். அழுதிருந்தால் திட்டியிருப்பேன். நான் திரையைப் பார்த்தபடியே, எஸ்இலினக்ஸ் என்று தொடங்கிய வரியில் இருந்ததை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் 'முடக்கு' என்று எழுதிச் சேமித்தேன். பெட்டியை மறுபடி கிளப்பினேன்.

அந்தக் கோப்பில் எஸ்இலினக்ஸ் என்று தொடங்கும் வரிகள் இரண்டு. ஒன்று காவலை வைப்பதா வேண்டாமா என்பதற்கு. இன்னொன்று எந்த வகைக் காவல் என்பதற்கு. நான் மாற்றியது இரண்டாவதை. அதாவது, காவல் உண்டு என்று சொல்லிவிட்டு, எந்தச் சட்டப்படி என்ற இடத்தில் இல்லாத சட்டத்தை எழுதியிருக்கிறேன். பெட்டி பாதி கிளம்பியது. கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடின. பாதுகாப்புக் கொள்கையை ஏற்ற முடியவில்லை, உறைகிறேன் என்று அதன் மொழியில் சொல்லிவிட்டு அப்படியே நின்றது. மவுஸ் இல்லை, எழுத்துப் பலகை இல்லை, ஒன்றுமில்லை. அணைத்துக் கிளப்பினேன். உறைந்தது. மறுபடியும் அணைத்துக் கிளப்பினேன். அதே இடம், அதே வரி.

இதுவரை குரல் பேசவில்லை, அவ்வளவுதான். இப்போது பெட்டியே இல்லை. அப்பாவின் குரலை நானே என் கையால் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்ததுபோல் இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா நாற்காலியில் அசையாமல் இருந்தார். கழுத்தில் சுற்றியிருந்த வெள்ளைத் துணிக்கு அடியில், மூச்சு விடுவதற்காக வைத்த துளை வழியே காற்று போய் வருவது மட்டும் கேட்டது. அவரை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

போனில் அவருடைய பழைய வாய்ஸ் மெசேஜ்கள் ஞாபகம் வந்தன. ஆபரேஷனுக்கு முன்னால் அனுப்பியவை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். மீன் குடுத்தனுப்பியிருக்கேன் வாங்கிக்கோ. குழந்தைக்கு ஜொரம் எப்பிடி இருக்குது. பஸ் ஏறிட்டேன். ஒன்றிலாவது 'சம்மதம்' என்றோ 'தர்றேன்' என்றோ ஒரு வார்த்தை இருக்காதா என்று தேடினேன். இல்லை. எந்த அப்பா மகளுக்குப் போனில் சம்மதம் சொல்வார்?

அப்போதுதான் சித்தப்பா நடையில் வந்து நின்றார். உப்பளத்தில் மேஸ்திரி. அப்பாவுக்கு இருந்த அதே தொண்டை, அதே கட்டைக் குரல். அதைக் கேட்டாலே அந்த நாட்களில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவருக்கு மட்டும் எப்படி அது மிச்சம் என்று.

"இன்னாம்மா, ஆவலியா?" என்றார். "வெளிய எல்லாம் ஒக்காந்துட்டாங்க. சாமியார் வந்துட்டாரு. நான் சொல்லிட்டுப் போறேன். இதுல இன்னா இருக்குது?"

எனக்குள் என்னவோ அறுந்தது. "அவரப் பொதைக்க உங்களுக்கு அவ்ளோ அவசரமா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அங்கேயே நின்றார், போகவில்லை.

நான் அவரைத் தாண்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். என்னைப்போல் தப்பு வரியை மாற்றிவிட்டு உலகம் முழுக்க ஆட்கள் அழுதிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. இயங்குதளத்தைப் புதிதாகப் போடு என்று ஒருவன் எழுதியிருந்தான். அவன் நாசமாகப் போக. அதற்கும் கீழே, யாரும் பாராட்டாமல் கிடந்த ஒரு பதில் இருந்தது. பெட்டி கிளம்பும்போது முதலில் வரும் மெனுவில் ஆங்கில 'ஈ'யை அழுத்து. லினக்ஸ் என்று தொடங்கும் நீள வரியின் கடைசிக்குப் போ. ஓர் இடம் விட்டு, எஸ்இலினக்ஸ் ஈக்வல் டு ஜீரோ என்று எழுது. கன்ட்ரோலோடு எக்ஸை அழுத்து. அந்த ஒரு முறைக்குக் காவல்காரனே இல்லாமல் பெட்டி கிளம்பிவிடும். உள்ளே போய் உன் தப்பைத் திருத்திக்கொள்.

ஓடி வந்து பெட்டியை அணைத்துக் கிளப்பினேன். மெனு வந்தது. 'ஈ'யை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. குத்தினேன். பட்டனைப் பெயர்த்து அடியில் நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. மெனு தன் பாட்டுக்குக் காத்திருந்துவிட்டு, உறைகிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. திரைப் பலகை அந்த மெனுவில் வராது, மவுஸும் வராது. அந்த ஓரிடத்தில் நிஜமான கீபோர்டு வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கீபோர்டில் 'ஈ' செத்துக் கிடந்தது. எக்ஸும் சேர்ந்துதான்.

அப்போதுதான் அழுதேன். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, நன்றாக அழுதேன். எழுதத் தெரிந்தும் எழுத ஒரு பட்டன் இல்லை.

"இன்னா வேணும், அத மட்டும் சொல்லு," என்றது சித்தப்பாவின் குரல். அவர் இன்னும் நடையில்தான் நின்றிருந்தார்.

"கீபோர்டு. நல்ல கீபோர்டு."

"எந்த கீபோர்டா இருந்தாலும் பரவால்லயா?"

நான் தலையாட்டியதைப் பார்த்ததும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள், பெண்ணின் சித்தப்பா எங்கே ஓடுகிறார் என்று ஒருவரை ஒருவர் கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. அம்மா வெளியே போய்ச் சாமியாரிடம் ஏதோ குசுகுசுத்தாள். எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனிதர். அன்றைக்குக் குடும்பத்துக்காக ஒரு ஜெபம், இரு வீட்டாருக்காக ஒரு ஜெபம், கடலுக்குப் போனவர்களுக்காக ஒரு ஜெபம் என்று சொல்லிக்கொண்டே போனார். பாட்டு ஒன்று முடிந்ததும் இன்னொரு பாட்டைத் தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலைத் தட்டை மடியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து மடிக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் அப்பாவிடம், "முடியலன்னா இன்னாப்பா பண்றது?" என்று கேட்டேன். எழுதிக் காட்டுவதற்காக வைத்திருக்கும் சிலேட்டை அவர் எடுக்கவில்லை. என் தலையில் கையை வைத்தார், எடுத்துவிட்டார். ஆறுதலா, விட்டுவிடு என்பதா, எனக்குத் தெரியவில்லை. கையால் பேசத் தெரியாத மனிதர் அவர். ஆயுசு முழுக்கத் தொண்டையால் வாழ்ந்தவர்.

சித்தப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேட்டியில் பைக் கிரீஸ். கையில் வயர் தொங்க ஒரு கறுப்புக் கீபோர்டு. உப்பு லாரிகளை எடை போடும் எடைமேடை அறையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "லாரிக்காரனுங்க கத்தறானுங்க. சீக்கிரம் பாரு," என்று மட்டும் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது.

செருகினேன். கிளப்பினேன். மெனு வந்தது. 'ஈ'யை அழுத்தினேன். திரை மாறியது. நீள வரியைத் தேடிப் பிடித்து, கடைசிக்குப் போய், ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கன்ட்ரோல், எக்ஸ். வரிகள் ஓடின. உறைகிற இடம் வந்தது. அதைத் தாண்டி ஓடின. எழுத்துப் பலகை வந்து நின்றது. அப்பாவின் கையில் மவுஸைக் கொடுத்தேன். அவர் ஒரே ஓர் எழுத்தைத் தட்டிப் 'பேசு' என்பதை அழுத்தினார்.

"ஆ," என்று அறையே அதிரக் கத்தியது பெட்டி. பந்தலில் பாட்டு நின்றது.

வெளியே அத்தனை பேர் இருக்கும்போது அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கோப்பைத் திருத்துவது, சீட்டு ஒட்டுவது எல்லாம் பிறகு. பெட்டியை மறுபடி கிளப்புகிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. ஏணிக்காரனைக் கூப்பிட்டு, ஃபியூஸ் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டு, திரையை நடைவாசலுக்கு நகர்த்தி, ஸ்பீக்கரை நிலைப்படியில் வைத்தேன். அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் அவர் தெரிந்தார். தங்கை பந்தலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா பந்தலுக்குள் வரவில்லை. கிரீஸ் வேட்டியோடு ஓரத்துப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாய்மாமன் எழுந்தார். "பொண்ணப் பெத்தவரே, உங்க பொண்ண எங்க வூட்டுக்குத் தர்றீங்களா?"

அப்பா மவுஸை நகர்த்தினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். 'எ' என்று தட்டினார். 'ன்' என்று தட்டினார். என் மகளைத் தருகிறேன் என்று வரப்போகிறது என்று நினைத்தேன், எனக்குக் கண் மறைத்தது. அவர் அவசரப்படவில்லை. ஏலத்தில் கடைசி விலைக்குக் காத்திருக்கும்போது நிற்பாரே, அந்த நிதானம். எழுந்து நின்று, குனிந்து, பட்டனை அழுத்தினார்.

"என் தம்பி சொல்லுவான்."

கடைசி வரிசைக்குக் கேட்டது. ரோட்டுக்கும் கேட்டிருக்கும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இதற்காகவா விடிந்ததிலிருந்து செத்துப் பிழைத்தேன்? இதைச் சித்தப்பா அன்றைக்கே சொன்னாரே. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றார். செத்தவனுக்காகத் தம்பி எழுந்து பேசுவது வேறு. உயிரோடு இருக்கிற அண்ணன், சபையில், தன் வாயால் தம்பியைக் கூப்பிடுவது வேறு. அதைச் சொல்லத்தான் அவருக்குக் குரல் வேண்டியிருந்தது.

எல்லோரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். உப்பளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆளைக் கூப்பிடுகிற தொண்டை. சத்தம் வரவில்லை. பந்தல் காலை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா உட்கார்ந்து மறுபடி தட்டினார்.

"டேய். சொல்லுடா."

சித்தப்பா சொன்னார். எங்க வீட்டுப் பொண்ணத் தர்றோம், சம்மதம் என்று. பாதி வார்த்தை அழுகையில் போய்விட்டது. பந்தலின் முன் வரிசைக்கே சரியாகக் கேட்டிருக்காது. தாய்மாமன் தட்டோடு எழப் போனார். அப்பா கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, மவுஸைப் பிடித்தார்.

"கேக்கல," என்றது பெட்டி. "இன்னொரு தபா."

பந்தலே சிரித்தது. தங்கை தலையை நிமிர்த்திச் சிரித்ததை நான் பார்த்தேன். சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தலுக்குள் வந்து, அண்ணன் பக்கத்தில் நின்று, இன்னொரு முறை சொன்னார்.